ரீச்சர் எடுத்த பாடவேளைகள்

2006 ஜனவரி 2ஆம் திகதி பின்னேரம் திருகோணமலை, பாலையூற்றில் எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்து சப்பாத்துக்கு வெள்ளை பூசிக்கொண்டிருந்தேன். புது வருடம், புதுக் கொப்பிகள், உயர்தர வகுப்பு. இருட்டிய பிறகுதான் செய்தி வந்தது. கடற்கரையில், காந்தி சிலைக்குப் பக்கத்தில், ஐந்து பெடியன்கள் கொல்லப்பட்டுவிட்டார்கள். உயர்தரப் பரீட்சை எழுதி முடித்த பிள்ளைகள். எங்கள் வயதுக்காரருக்கு அண்ணன்மார். குண்டு வெடித்துச் செத்தார்கள் என்றுதான் முதலில் சொன்னார்கள். பத்திரிகையாளர் சுகிர்தராஜன் எடுத்த படங்களில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் இருந்தன. அந்த மாதம் 24ஆம் திகதி அவரும் திருகோணமலையிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்.

அதற்குப் பிறகு எங்கள் பள்ளிக்கூடம் ஒழுங்காக நடந்த வாரம் எது என்று யோசித்துப் பார்க்கிறேன். ஹர்த்தால், சுற்றிவளைப்பு, ஊரடங்கு. ஏப்ரல் 12ஆம் திகதி சந்தையில் குண்டு வெடித்தது, தொடர்ந்து கடைகள் எரிந்தன. உயிரியல் படிப்பித்த மிஸ்ஸின் குடும்பம் மன்னாருக்குப் போய், அங்கிருந்து வள்ளத்தில் இராமேஸ்வரம் போய்விட்டதாகக் கேள்விப்பட்டோம். மிஸ் எங்களிடம் சொல்லிக்கொண்டு போகவில்லை. எப்படிச் சொல்லுவார்? மூதூரிலிருந்து லோஞ்சில் வந்துகொண்டிருந்த கணித சேர், மாவிலாற்றில் சண்டை தொடங்கியதும் வருவதை நிறுத்தினார். இரசாயனம் படிப்பித்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். இரண்டாம் தவணை விடுமுறைக்கு வீட்டுக்குப் போயிருந்தார். ஆகஸ்ட் 11ஆம் திகதி முகமாலையில் யாழ்ப்பாணப் பாதை மூடியது. அவருடைய குடையும் மதியச் சாப்பாட்டுப் பெட்டியும் ஆசிரியர் அறையில் அப்படியே இருந்தன. மூன்றாம் தவணை முழுக்க அவற்றை யாரும் எடுத்து வைக்கவில்லை.

அப்போதுதான் தமிழ் ரீச்சர் எங்கள் வகுப்புக்கு வரத் தொடங்கினார். பாலையூற்றுக்காரர், லூர்து அன்னை கோயில் பக்கம் வீடு. உயர்தர விஞ்ஞான வகுப்பில் அவருக்குப் பாடமே இல்லை. ஆனாலும் ஆசிரியர் இல்லாத ஒவ்வொரு பாடவேளைக்கும் வந்தார். வந்து கடைசி வாங்கில் இருந்துகொண்டார்.

"எனக்கு இரசாயனம் தெரியாது. ஆர் எனக்குப் படிப்பிக்கப் போறீங்கள்?" என்று கேட்டார்.

முதல் நாள் ஒருவரும் எழும்பவில்லை. அடுத்த நாள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். நான் வெண்கட்டியைப் பிடித்தபடி மூல் என்றால் என்ன என்று சொல்லத் தொடங்கினேன். அவகாதரோ மாறிலியை எழுதினேன்: 6.022, பத்தின் வலு 23.

"விளங்கேல்ல தம்பி. திரும்பச் சொல்லு."

மூன்று தரம் சொன்னேன். மூன்றாவது தரம்தான் எனக்கே விளங்கியது. ரீச்சர் தன் கொப்பியில் அதை எழுதி, கீழே திகதியும் போட்டார். அந்த வருடம் அவர் நிரப்பிய இரசாயனக் கொப்பி இரண்டு. 2007இல் நாங்கள் பரீட்சை எழுதினோம். நான் இன்று இரசாயனவியல் ஆசிரியன். அந்தக் கடைசி வாங்குதான் என்னை ஆசிரியனாக்கியது என்று எங்கேயும் சொல்லுவேன்.

இப்போது எங்கள் ஊர் எவ்வளவோ மாறிவிட்டது. 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளக் கிண்ணியாப் பாலம் திறந்தார்கள், மூதூருக்கு பஸ் தரைவழியே போகிறது. யாழ்ப்பாணப் பாதையில் தடை இல்லை. காந்தி சிலையடியில் பின்னேரங்களில் சனம் கூடுகிறது. ஐந்து பிள்ளைகளின் வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட 13 பேரையும் 2019 ஜூலையில் நீதிமன்றம் விடுவித்தது. அந்த ஐவரில் ஒருவரான தன் மகன் ரஜிகருக்காக நீதி கேட்டு நாட்டை விட்டே போக நேர்ந்த வைத்தியர் மனோகரனுக்குக் கிடைத்த பதில் அதுதான். அந்தப் பிள்ளைகளைக் கொன்றவர்களுக்கு இன்றுவரை தண்டனை இல்லை. இதை என் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் ஒவ்வொரு ஜனவரியும் சொல்லுகிறேன்.

2022இல் பொருளாதார நெருக்கடியோடு எங்கள் ஆசிரியர் அறை மறுபடி காலியாகத் தொடங்கியது. சீனக்குடாவில் 99 எண்ணெய்த் தாங்கிகள் உள்ள ஊர் இது. இங்கே நாங்கள் பெற்றோலுக்கு இரவிரவாக வரிசையில் நின்றோம். ஜூனிலும் ஜூலையிலும் பள்ளிக்கூடம் வாரக்கணக்கில் பூட்டு, திறந்தபோது வாரத்துக்கு மூன்று நாள். அந்த நேரம்தான் அரச ஊழியர் ஐந்து வருடம்வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு போகலாம் என்று சுற்றறிக்கை வந்தது. பௌதிகவியல் சேர் போனார். ஆங்கில மிஸ் போனார். என்னோடு ஒன்றாகப் படித்து ஒன்றாகப் படிப்பித்த கணித ஆசிரியனும் போனான். இந்த முறை ஒவ்வொருவருக்கும் பிரியாவிடை இருந்தது. மாலை போட்டோம், படம் எடுத்தோம், கேக் வெட்டினோம். பிள்ளைகள் அழுதார்கள். விமான நிலையத்திலிருந்து அவர்கள் அனுப்பிய படங்களை வகுப்பில் காட்டினோம். அவர்களில் எவரையும் நான் குறை சொல்லமாட்டேன். ஒரு மாதச் சம்பளத்தில் பால்மாவும் காஸும் வாங்கினால் மிச்சம் எவ்வளவு என்பது எனக்கும் தெரியும்.

ஆனால் திங்கட்கிழமை மூன்றாம் பாடவேளை பௌதிகவியல். அந்த நாற்பது நிமிடமும் பிள்ளைகள் சும்மா இருந்தார்கள். 2006இல் நாங்கள் இருந்த அதே மாதிரி.

ரீச்சருக்கு 2022இல் அறுபது வயது முடிந்தது. ஓய்வு வயது 65 ஆகிவிட்டது, இன்னும் கொஞ்ச நாள் இருக்கலாம் என்று நம்பியிருந்தார். அரசாங்கம் அதைத் திரும்ப 60 ஆக்கியது. அறுபது தாண்டிய எல்லாரையும் போல 2022 டிசம்பர் 31ஆம் திகதியோடு அவரும் ஓய்வு பெற்றார். கடைசி நாள் காலையில் வந்து, ஆளில்லாத வகுப்பு ஒன்றில் கடைசி வாங்கைத் துடைத்துவிட்டு இருந்தார். அது விடுமுறை நாள், பிள்ளைகள் இல்லை. நான் வாசலில் நின்று பார்த்தேன்.

"உள்ளுக்க வா தம்பி. ஏன் நிக்கிறாய்?"

போய்ப் பக்கத்தில் இருந்தேன். ஒன்றும் பேசவில்லை.

இப்போது அவர் வீட்டு விறாந்தையில் பின்னேரம் ஏழெட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். தமிழும் படிப்பிக்கிறார், தெரியாத பாடங்களையும் அவர்களிடம் கேட்டுப் படிக்கிறார். காசு வாங்குவதில்லை.

வெளிநாட்டில் இருக்கும் என் சக ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கவேண்டும். 2022இல் போன உங்கள் ஐந்து வருடம் 2027இல் முடிகிறது. திரும்பி வாருங்கள், உங்கள் மேசையை நாங்கள் துடைத்து வைக்கிறோம். வரமுடியாது என்று மனதில் முடிவு செய்துவிட்டவர்கள் அதை இப்போதே எழுத்தில் அறிவித்துவிடுங்கள். ஆளணிக் கணக்கில் உங்கள் பெயர் இருக்கும்வரை அந்த இடம் வெற்றிடம் இல்லை. வெற்றிடம் என்று பதிந்தால்தான் பிள்ளைகளுக்கு இன்னொருவரைக் கேட்கலாம்.