சுருக்குப்பையும் செங்கலும்

ராத்திரி ஒன்றரை மணிக்கு என் நெஞ்சுக்குள் யாரோ சூடம் கொளுத்தினார்கள். பத்தரைக்கு உள்ளே போன பரோட்டாவும் சால்னாவும் புளித்த நீராகத் தொண்டைக்கே திரும்பி வந்து நலம் விசாரித்தன.

"கேஸாத்தான் இருக்கும்" என்றேன். மதுரையில் எந்த வலிக்கும் முதலில் வைக்கிற பெயர் அதுதான். மனைவி நம்பவில்லை. ஆட்டோ பிடித்துவிட்டாள்.

ஈ.சி.ஜி.யில் ஒன்றுமில்லை. "வந்தது நல்லதுதான். வேர்த்துக் கொட்டி, வலி கைக்கோ தாடைக்கோ பரவினா, சோடா குடிச்சுப் பார்ப்போம்னு உட்கார்ந்திராதீங்க" என்ற டாக்டர், "எத்தனை பரோட்டா?" என்று கேட்டார்.

"ரெண்டு."

"நாலு. ஆம்லெட் தனி" என்றாள் மனைவி.

உணவுக்குழாய் இரைப்பையில் சேரும் இடத்தில் ஒரு தசை வளையம் இருக்கிறதாம். அவர் படம் வரைந்தபோது எனக்குப் பாட்டியின் சுருக்குப்பை ஞாபகம் வந்தது. கயிற்றை இழுத்துவிட்டால் ஒற்றைக் காசு வெளியே வராது. என் பையில் கயிறு தளர்ந்துவிட்டது. உள்ளே இருப்பதோ ஹைட்ரோகுளோரிக் அமிலம். இரைப்பைக்கு அதைத் தாங்கச் சளிப்படலம் உண்டு. உணவுக்குழாய்க்கு அந்த வசதி இல்லை. எண்ணெய்ப் பலகாரம், காப்பி, சாக்லேட், சிகரெட் எல்லாம் கயிற்றைத் தளர்த்துகிறவை. தொப்பை வேறு பையைப் பிதுக்கும். அந்தத் தொப்பைக்கு மேல் நான் பெல்ட்டையும் இறுக்கிக்கொண்டிருந்தேன்.

விஷயம் தெரிந்ததும் வைத்தியர்கள் வீடு தேடி வந்தார்கள். அம்மா குளிர்ந்த பால் கொடுத்தாள். அரை மணி நேரம் சொர்க்கம். பிறகு அந்தப் பாலைச் செரிக்கவே புதிதாக அமிலம் சுரந்தது. சித்தப்பா ஜீரா சோடா வாங்கி வந்தார். ஒவ்வொரு ஏப்பமும் கதவைத் திறந்து அமிலத்தைக் கைப்பிடித்து மேலே அழைத்து வந்தது. பக்கத்து வீட்டு அக்கா புதினாத் துவையல் அனுப்பினார். புதினாவும் சிலருக்கு அந்த வளையத்தைத் தளர்த்துமாம். அக்காவிடம் சொல்லவில்லை. துவையல் அவ்வளவு ருசி.

பாண்டோபிரசோல் மாத்திரை ஏற்கெனவே என் சட்டைப்பையில் இருந்ததுதான். பரோட்டாவுக்குக் கட்டுகிற அபராதம் மாதிரி, சாப்பிட்டு முடித்ததும் ஒன்று போடுவேன். டாக்டர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. அமிலம் சுரக்கும் பம்புகள் சாப்பாடு வந்ததும் விழித்துக்கொள்ளும். அதற்கு முன்பே மருந்து இரத்தத்தில் காத்திருக்க வேண்டும். ஆகவே காலையில் வெறும் வயிற்றில், சாப்பிட அரை மணிக்கு முன். அதுவும் அவர் சொல்கிற வாரங்களுக்கு மட்டும். "விழுங்கும்போது அடைச்சாலோ, மலம் கறுப்பாப் போனாலோ, காரணமில்லாம எடை குறைஞ்சாலோ உடனே வாங்க" என்றார். கடைசி ஆபத்து எனக்கு வராது என்று மனைவி உறுதி அளித்தாள்.

அடுத்தது கட்டில். தலையணையை அடுக்கினால் இடுப்புதான் மடங்கும், வயிறு இன்னும் நசுங்கும். ஆகவே தலைமாட்டுக் கால்களையே ஆறு அங்குலம் உயர்த்தச் சொன்னார். காலுக்கு இரண்டு செங்கல் வைத்தேன். முதல் நாள் விடியலில் இருவரும் கால்மாட்டில் குவிந்து கிடந்தோம். ஊரிலிருந்து வந்த மாமியார் செங்கலைப் பார்த்துவிட்டு, "எந்த ஜோசியர் சொன்ன பரிகாரம் மாப்பிள்ளே?" என்றார்.

இடது பக்கம் சாய்ந்து படுக்க வேண்டும். அப்போது இரைப்பையில் தேங்கும் அமிலம் குழாயின் வாய்க்குக் கீழே நிற்கும். எனக்கு இடது பக்கம் சுவர். முதுகைக் காட்டிப் படுத்த மூன்றாம் நாள், "என் மேல என்ன கோபம்?" என்று மனைவி கேட்டாள். இப்போது அவள் சுவர்ப் பக்கம்.

எல்லாவற்றையும்விடக் கடினமானது, படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடிப்பது. ஏழு மணிக்கு இரண்டு இட்லி. பத்து மணிக்குத் தெருமுனையில் கொத்துப் பரோட்டாச் சத்தம் டண்டணக்கு டண்டணக்கு என்று என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடும்.

போன சனிக்கிழமை ஒரு வழி தோன்றியது. ஐந்தரைக்கே கடையில் போய் உட்கார்ந்து, "ஒண்ணே ஒண்ணு, எண்ணெய் கம்மியா" என்றேன்.

மாஸ்டர் மாவு பிசைந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்து, "என்ன சார், நேத்து ராத்திரி வர வேண்டியதா, இல்ல இன்னைக்கு ராத்திரி வர வேண்டியதா? கல்லே இன்னும் பத்த வைக்கலையே" என்றார்.