டிஓஐ இருக்க இணைப்புக்கு அலைவானேன்?

கேள்வி: கட்டுரையின் இணைய முகவரியை அப்படியே நகலெடுத்து ஆய்வேட்டில் ஒட்டினேன். நாலு வரி நீள்கிறது. கைடு திருப்பி அனுப்பிவிட்டார். என்ன தவறு? (ஆய்வு மாணவி, திருச்சி)

பதில்: அந்த நாலு வரியில் உங்கள் கல்லூரி நூலகத்தின் லாகினும் ஒளிந்திருக்கலாம். வெளியூர்க்காரர் சொடுக்கினால் கட்டுரை வராது, கடவுச்சொல் கேட்கும். முதல் பக்கத்தில் 10. என்று தொடங்கும் டிஓஐ எண் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதை மட்டும் இணைப்பு வடிவில் கொடுங்கள். இதழ் வேறு தளத்துக்குக் குடிபோனால் புது முகவரியைப் பதிப்பாளர் அந்த எண்ணில் பதிந்துவைப்பார். வெறும் முகவரிக்கு அந்தக் காவல் கிடையாது. 2014இல் சட்ட அறிஞர் ஜொனதன் ஸிட்ரெய்னும் உடன் ஆய்வாளர்களும் ஹார்வர்டு சட்ட இதழ்களைச் சோதித்தார்கள். மேற்கோளாகத் தந்த இணைப்புகளில் 70 சதவீதத்துக்கு மேல் உரிய இடத்துக்குப் போய்ச் சேரவில்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளிலேயே பாதி இணைப்புகளுக்கு அந்தக் கதிதான்!

கேள்வி: இணையத்தில் படித்த தேதியையும் போட வேண்டுமா? (கோவை)

பதில்: ஏபிஏ மேற்கோள் நடைக் கையேட்டின் ஏழாம் பதிப்புப்படி வேண்டாம். கட்டுரை வெளியான ஆண்டுதான் முக்கியம், நீங்கள் படித்த நாள் அல்ல.

கேள்வி: பக்க எண்ணே இல்லாத இதழை என்ன செய்வது? (சேலம்)

பதில்: பிளாஸ் ஒன் போன்ற இணைய இதழ்களில் கட்டுரைக்கே ஓர் எண் உண்டு. அதைப் போடுங்கள். பிடிஎஃப்பின் பக்கங்களை 1 முதல் 12 வரை என்று எண்ணிப் போடாதீர்கள்.

கேள்வி: என் கட்டுரையை மற்றவர்கள் அப்பா பெயரில் மேற்கோள் காட்டுகிறார்களே! (நெல்லை)

பதில்: அப்பாவுக்குப் பெருமைதான், உங்கள் உழைப்பு அல்லவா காணாமல் போகிறது? சி. வி. ராமனுக்கு இந்தச் சங்கடம் இல்லை. தலைப்பெழுத்தோடு நின்றதால் 'ராமன், சி. வி.' என்று சரியாகவே அமைந்தது. தலைப்பெழுத்தை விரித்தெழுதச் சொல்லும் படிவங்களில்தான் அப்பா பெயர் குடும்பப் பெயராகிவிடுகிறது. முதல் கட்டுரையிலேயே ஒரு வடிவத்தை முடிவுசெய்து கடைசிவரை மாற்றாதீர்கள். ஆய்வாளரை அடையாளம் காட்டும் 16 இலக்க ஆர்கிட் எண்ணும் வாங்கிவிடுங்கள்.

கேள்வி: சாட்ஜிபிடி பத்து மேற்கோள்கள் தந்தது. சேர்க்கலாமா? (சென்னை)

பதில்: பத்தையும் திறந்து படித்த பிறகு சேர்க்கலாம். 2023இல் நியூயார்க் வழக்கறிஞர்கள் அது தந்த இல்லாத தீர்ப்புகளை நீதிமன்றத்தில் கொடுத்து 5,000 டாலர் அபராதம் கட்டினார்கள். இருக்கிற கட்டுரையிலும் எச்சரிக்கை தேவை. தடுப்பூசியை ஆட்டிசத்தோடு முடிச்சுப்போட்ட 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை லான்செட் 2010இல் முழுமையாகத் திரும்பப் பெற்றது. நீங்கள் முன்பே இறக்கிவைத்த பிரதியில் 'திரும்பப் பெறப்பட்டது' என்ற முத்திரை இருக்காது. இதழின் பக்கத்துக்கே போய்ப் பாருங்கள்.