ஜப்பான் செங்கல்

பர்மா பஜாரைத் திறந்துவைத்தவர் யார் என்று கேட்டால் சென்னைக்காரர்களே முழிப்பார்கள். கடலோரத் திருப்பாலைக்குடிக்காரன் நான் சொல்கிறேன்: ஜெனரல் நே வின். 1962இல் ரங்கூனில் ஆட்சியைப் பிடித்தவர், கடைகண்ணிகளை அரசுடைமை ஆக்கினார். 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார். இந்த வித்தையில், நம்மூர் 2016 நோட்டு ஒழிப்புக்கு 52 வருஷம் சீனியர்.

அங்கிருந்து கட்டிய துணியோடு கப்பலேறி வந்த தமிழர்களுக்கு 1969இல் தமிழக அரசு ராஜாஜி சாலை ஓரத்தில், பாரிமுனையிலிருந்து பீச் ஸ்டேஷன் பக்கமாகப் பெட்டிக்கடை போட இடம் கொடுத்தது. கதர் கட்டிய மனிதரின் பெயரில் சாலை. அதே சாலையில் கஸ்டம்ஸ் ஹவுஸ். இந்த இரண்டு சாட்சிகளையும் வைத்துக்கொண்டு ஃபாரின் சரக்கு விற்றார்களே, அந்த நெஞ்சுரத்துக்கே ஒரு சிலை வைக்கலாம்.

எங்கள் கரைக்கு ஃபாரின் சாமான் புதிதில்லை. அந்தக் காலத்தில் சில சரக்குகள் ராத்திரியில் தானாகவே நீந்திக் கரையேறும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஆனாலும் ஊரில் கல்யாணம் என்றால் ஒருத்தர் பட்டணத்துக்கு பஸ் ஏறியே ஆகவேண்டும். நைலக்ஸ் புடவை, சென்ட், கோடாலித் தைலம், வாட்ச். கடைக்காரர் ஆயிரம் என்றால் நாம் இருநூறு என்று ஆரம்பிக்கவேண்டும். அவர் உடனே சரி என்றுவிட்டால் அன்று ராத்திரி தூக்கம் வராது.

பெரியப்பா ஒருமுறை அங்கிருந்து ஜப்பான் டேப் ரெக்கார்டர் வாங்கிவந்தார். தெருவே கூடியிருக்க அட்டைப்பெட்டியைப் பிரித்தார். உள்ளே பேப்பர் சுற்றிய செங்கல். எந்தக் கடை என்று கடைசிவரை வாய் திறக்கவில்லை.

பஜாரைச் சாய்த்தது போலீஸ் என்பார்கள். எனக்கென்னவோ 1991 ஜூலையில் பட்ஜெட் வாசித்த மன்மோகன் சிங் மேல்தான் சந்தேகம். சர்க்கார் ‘கூடாது’ என்று சொன்னவரைக்கும்தான் ஐயா அங்கே வியாபாரம். தீர்வை குறையக் குறைய, ஜப்பான் டிவி தெருமுனைக் கடைக்கே தவணையில் வந்து உட்கார்ந்துவிட்டது. போதாக்குறைக்கு, வெளிநாடு போய்ச் சம்பாதிக்கும் எங்கள் சபுராளிகள் துபாயிலிருந்து ஆளுக்கொரு பெட்டி கட்டிக்கொண்டு வந்து இறங்கினார்கள்.

அப்புறம் கொஞ்ச காலம் திருட்டு விசிடி காப்பாற்றியது. 2004இல் அதையும் குண்டர் சட்டத்தில் சேர்த்தார்கள். சிடி விற்றவரும் சாராயம் காய்ச்சியவரும் ஒரே சட்டத்தில் சகோதரர்கள். கடைசியில் செல்போன் வந்து சிடியையே ஒழித்தது. இன்று போனால் அதே செல்போனுக்கு உறையும் சார்ஜரும் கூவி விற்கிறார்கள். பக்கத்தில் அத்தோ கடைகளில் மட்டும் கூட்டம் குறையவில்லை. பர்மாவிலிருந்து வந்ததில் தீர்வை கட்டாமல் இன்னும் ஓடுவது அந்த நூடுல்ஸ்தான்.

பெரியப்பாவின் செங்கல் எங்கள் வீட்டு வாசல் கதவுக்கு முட்டுக்கொடுத்து நிற்கிறது. டேப் ரெக்கார்டராக இருந்திருந்தால் எப்போதோ பேரீச்சம்பழத்துக்குப் போயிருக்கும்.