வாத்தியார் வேலைக்கு வந்த ஒண்ணாங்கிளாஸ் மாணவர்

தரங்கம்பாடியில் சிலையாக நிற்கும் பர்த்தலோமேயு சீகன்பால்குவைப் பார்த்தால் பிறக்கும்போதே கையில் வேதப்புத்தகத்தோடு பிறந்தவர் மாதிரி இருக்கும். சிலைகளுக்கு அந்தச் சவுகரியம் உண்டு. வயிற்று வலி வராது, பரீட்சையில் ஃபெயில் ஆகாது. ஆளுக்கு இரண்டும் இருந்தது.

சின்ன வயதிலேயே அப்பா அம்மா இரண்டு பேரும் போய்விட்டார்கள். ஜெர்மனியில் ஹாலே நகரத்துக்குப் படிக்கப் போனார். உடம்பு ஒத்துழைக்காமல் படிப்பு பாதியில் நின்றது. கூடவே மனச்சோர்வு வேறு. இப்படி ஒரு பையனை நாம் பக்கத்து ஊர்க் கல்யாணத்துக்குக்கூடத் தனியாக அனுப்ப மாட்டோம். டென்மார்க் ராஜா நான்காம் பிரடெரிக், மதம் பரப்ப இந்தியாவுக்கு அனுப்ப இவரைத் தேர்ந்தெடுத்தார்!

அதிலும் ஒரு சிக்கல். கிளம்புவதற்கு முன் கோபன்ஹேகனில் பிஷப் வைத்த தேர்வில் சீகன்பால்குவும் அவருடைய கூட்டாளி ஹைன்ரிஷ் புளூட்சோவும் அவுட். ராஜா தலையிட்டு மறுதேர்வு வைக்கச் சொன்னார். பாஸ். அரியர் கிளியர் செய்த கையோடு ஃபாரின் போன முதல் கோஷ்டி இவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

ஏழு மாதத்துக்கு மேல் கப்பல் பயணம். 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடி. மாலை, மேளம் எதிர்பார்த்திருந்தால் அது ராஜாவின் கடிதத்தை நம்பிய குற்றம். அங்கே கமாண்டர் ஹாசியஸ் என்று ஒருவர் இருந்தார். வியாபாரம் செய்ய வந்த டேனிஷ் கம்பெனிக்கு, ஊர்க்காரர்களிடம் மதம் பேசப் போகும் இந்த இருவரும் வேண்டாத விருந்தாளிகள். காலையில் வந்த பையன்களை மாலை வரை வெயிலில் காக்க வைத்தார். ஜூலை மாதத்து தரங்கம்பாடி வெயில்! பிறகு வந்து, என்ன வேலையாக வந்தீர்கள் என்று அதட்டிவிட்டு, கடைத்தெருவில் நிறுத்திவிட்டுப் போய்விட்டார். கையில் ராஜாவின் கடிதம், தங்க இடமில்லை. இன்றைக்கு என்றால், மேலிடத்து சிபாரிசுக் கடிதத்தோடு தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்பவரின் நிலைமை.

சரி, சொல்லிக்கொடுக்கத்தானே வந்தோம், ஆரம்பிப்போம் என்றால் பாஷை? ஊரில் ஐரோப்பியர்களோடு பேசப் போர்த்துக்கீசியம் புழங்கியது, மற்றதெல்லாம் தமிழ். இருவரும் பங்கு பிரித்துக்கொண்டார்கள்: புளூட்சோவுக்குப் போர்த்துக்கீசியம், சீகன்பால்குவுக்குத் தமிழ். யாருக்கு லாட்டரி விழுந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து சீகன்பால்கு செய்த காரியத்துக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும். ஒரு தமிழ் வாத்தியாரைப் பிடித்து, பள்ளிக்கூடத்தையே தன் வீட்டுக்கு வரவழைத்தார். பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் உட்கார்ந்தார். மணலில் விரலை வைத்து எழுத்துப் பழகினார். 24 வயது, லத்தீன் தெரியும், உலகத்துக்கே ஞானம் புகட்டக் கடல் தாண்டி வந்தவர். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பொடியனுக்கு ‘ழ’ வருகிறது, இவருக்கு வரவில்லை.

வாத்தியாருக்கும் ஒரு பிரச்னை. எழுத்தைச் சொல்லிக்கொடுத்துவிட்டார், அர்த்தத்தை எந்த பாஷையில் சொல்வது? அதற்கு அழகப்பன் என்ற துபாஷி வந்தார். போர்த்துக்கீசியம், டேனிஷ், ஜெர்மன், டச்சு எல்லாம் பேசுவார். ஐரோப்பா பக்கமே போகாமல் நான்கு ஐரோப்பிய பாஷை பேசுகிறவர், ஐரோப்பாவிலிருந்து வந்தவருக்கு டியூஷன் எடுத்தார்.

எட்டே மாதத்தில் தமிழ் பேசவும் படிக்கவும் எழுதவும் வந்துவிட்டதாக ஊருக்குக் கடிதம் எழுதினார் நம் ஆள். வெளிநாடு போன பிள்ளைகள் வீட்டுக்கு எழுதும் கடிதத்தை எவ்வளவு நம்பலாம் என்பது பெற்றவர்களுக்குத் தெரியும். ஆனால் வெறும் பீற்றலும் இல்லை. 1708இல் தான் சேர்த்த தமிழ் நூல்களுக்கு ஒரு பட்டியல் போட்டார். தமிழர்களே எழுதியவை மட்டும் 119. திருக்குறளும் அதில் உண்டு. ஓலைச்சுவடி எங்கிருந்து கிடைத்தது? படித்தவர் இறந்த வீடுகளுக்கு ஆள் அனுப்பி, விதவைகளிடம் சல்லிசாக வாங்கினார். பழைய புத்தகக்கடைக்காரர்களின் இந்தத் தொழில் ரகசியத்தை ஒரு பாதிரியார் 300 வருடம் முன்பே கண்டுபிடித்துவிட்டார்.

நடுவே பள்ளிக்கூடங்களும் திறந்தார். 1707லேயே பெண் பிள்ளைகளுக்கும் ஒன்று. சம்பளம் கேட்கவில்லை, சோறும் போட்டார். அதற்கான பணம் டென்மார்க்கிலிருந்து வர வேண்டும். ஒருமுறை வந்தது, கரைக்குச் சில கஜ தூரம் வரை வந்தது. படகு கவிழ்ந்து பெட்டி கடலுக்குள் போனது.

ஹாசியஸ் சும்மா இருப்பாரா? 1708 நவம்பரில் சீகன்பால்குவைப் பிடித்து நான்கு மாதம் சிறையில் போட்டார். நம் ஆளுக்கும் வாய் கொஞ்சம் நீளம், அடங்கிப் போகிற பழக்கமில்லை. இருவருமே கடவுள் தம் கட்சியில் இருப்பதாக நம்பியிருப்பார்கள்.

வெளியே வந்தபின் தமிழர்களுக்குக் கேள்விகள் எழுதி அனுப்பி, பதில்களை வாங்கி ஜெர்மனிக்கு அனுப்பினார். நம்மவர்கள் பதிலில் ஒளிவுமறைவே இல்லை. மாட்டுக்கறி தின்கிறீர்கள், குடிக்கிறீர்கள், சுத்தபத்தம் கிடையாது, வீட்டுக்குள்ளேயே துப்புகிறீர்கள்! பரலோகம் பற்றிச் சொல்ல வந்தவரிடம், முதலில் குளித்துவிட்டு வாருங்கள் என்று சொல்லாமல் சொன்னார்கள்.

1713இல் தென்னிந்தியக் கடவுள்களைப் பற்றி ஒரு பெரிய புத்தகம் எழுதி ஹாலேவுக்கு அனுப்பினார். அங்கே மிஷன் வேலையைக் கவனித்த பெரியவர் பிராங்கேக்குக் கோபம்: அஞ்ஞானத்தை ஒழிக்க அனுப்பினால், அஞ்ஞானத்தைப் பார்சல் கட்டி நமக்கே அனுப்புகிறானே! கையெழுத்துப் பிரதி பெட்டிக்குள் போனது. 1867இல்தான் அச்சேறியது, அதுவும் சென்னையில்.

‘முதன்முதலில் தமிழை அச்சிட்டவர்’ என்ற பட்டத்தையும் இந்த இடத்தில் மெதுவாகக் கழற்றி வைத்துவிடலாம். கொல்லத்தில் 1578லேயே போர்த்துக்கீசிய பாதிரிகள் ‘தம்பிரான் வணக்கம்’ போட்டுவிட்டார்கள். சீகன்பால்குவின் புதிய ஏற்பாடு முழுதாக வந்தது 1715இல். ஹாலேவிலிருந்து வந்த தமிழ் அச்செழுத்துகள் சினிமா போஸ்டர் சைஸில் இருந்ததால் காகிதம் கட்டுப்படியாகவில்லை. இங்கேயே சின்ன எழுத்து வார்த்தார்கள். சீஸ் பொதிந்து வந்த ஈயத்தை உருக்கியதாகச் சொல்வார்கள்.

அந்தத் தமிழ் எப்படி? சிரித்தார் ஒருவர், அதுவும் பலமாக. யார் என்கிறீர்கள்? வீரமாமுனிவர். இத்தாலியில் பிறந்த பெஸ்கி! ஒரு ஜெர்மன்காரர் எழுதிய தமிழ் தேறாது என்று ஒரு இத்தாலிக்காரர் தமிழிலேயே எழுதிக் கிழித்தார். பதில் சொல்ல சீகன்பால்கு இல்லை. 1719இல், 36 வயதில், தான் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்திலேயே அடக்கமாகிவிட்டார். இருந்திருந்தால் மறுபடி மணலைக் கொட்டி உட்கார்ந்திருப்பார்.