இன்ப்ளுயன்ஸ் மகாத்மியம்

சேலத்திலிருந்து நாமக்கல் வரையில் பரந்து கிடக்கும் எங்கள் சமவெளியில், பள்ளிக்கூடத்து வாசலை மிதித்தறியாத குடியானவர் முதல் வரிசையாக லாரிகளை நிறுத்தி வைத்திருக்கும் முதலாளி வரையில் சகலரும் பிழையின்றிப் பிரயோகிக்கும் இங்கிலீஷ் வார்த்தை ஒன்று உண்டென்றால், அது 'இன்ப்ளுயன்ஸ்' என்பதேயாகும். செல்வாக்கு என்று நல்ல தமிழ் வார்த்தை இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் அது மேடைக்குரியது. தலைவர்களுக்கும் பத்திரிகைகளுக்கும் இருப்பது செல்வாக்கு. தாலுகா ஆபீஸில் காரியத்தை முடித்துக் கொடுப்பது இன்ப்ளுயன்ஸ். "அவருக்கு மேல வரைக்கும் இன்ப்ளுயன்ஸ் இருக்குதுங்க" என்று ஒருவர் தணிந்த குரலில் சொல்லும்போது, அந்த 'மேல' என்பது எத்தனையாவது மாடி என்று கேட்பது மரியாதையல்ல.

உண்மையில் அந்த வார்த்தையின் பூர்வோத்தரத்தை விசாரித்தால், 'மேல' என்பது ஆகாசத்தையே குறிக்கும். உள்ளே பாய்வது என்று பொருள்படும் லத்தீன் சொல்லில் பிறந்து, நக்ஷத்திரங்களிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று வழிந்து வந்து மனிதருடைய தலைவிதியை நடத்துகிறது என்று ஐரோப்பிய ஜோதிஷர்கள் நம்பிய காலத்தில் வளர்ந்த வார்த்தை அது. பரவிக் கொல்லும் ஜுரமும் அதே நக்ஷத்திரங்களின் வேலை என்று இத்தாலியர் கருதியபடியால், இன்ப்ளுயன்ஸா அதற்கு உடன்பிறந்தவள். குரு பார்க்கக் கோடி நன்மை என்று காத்திருக்கும் நம்மவர்களுக்கு இதில் புதுமை ஒன்றுமில்லை. குருவின் பார்வையோடு தாசில்தாரின் பார்வையையும் சேர்த்துக் கொண்டார்கள், அவ்வளவே.

எனக்கும் இன்ப்ளுயன்ஸ் உண்டென்று ஊரில் ஒரு வதந்தி. ஓர் இலக்கிய விழாவில் அப்போதைய கலெக்டர் எனக்குப் பொன்னாடை போர்த்திய படம் எங்கள் முன்கூடத்தில் தொங்குகிறது. அதில் நான் கலெக்டரைப் பார்க்கிறேன், கலெக்டர் வேறு யாரையோ பார்க்கிறார். ராசிபுரத்துப் பக்கத்து உறவினர் ஒருவர், மஞ்சள் பையில் நெய் டப்பாவோடு வந்து உட்கார்ந்து, கண்ணை அந்தப் படத்தின் மேலும் வாயை மழையின் மேலும் வைத்து நெடுநேரம் பேசிய பின், "மாமா, பட்டா மாறுதலுக்கு எழுதிப் போட்டிருக்கறனுங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா..." என்று இழுத்தார். "பார்க்கிறேன்" என்றேன். இன்ப்ளுயன்ஸ் சாஸ்திரத்தின் மூலமந்திரம் அதுதான். சொன்னவன் வாக்களித்ததும் ஆகாது, கேட்டவன் வெறுங்கையோடு திரும்பியதும் ஆகாது. நான் எவரிடமும் எதுவும் சொல்லவில்லை. பட்டா தன் முறை வந்தபோது தானே வந்து சேர்ந்தது. அவரோ என் கீர்த்தியை உறவு முழுவதும் பரப்பிவிட்டார். நான் மறுக்க மறுக்க, பெரிய மனிதர் தன்னடக்கத்தினால் மறைக்கிறார் என்று அது மேலும் ஒரு சுற்றுப் பருத்தது. நெய் என்னவோ நல்ல நெய்.

1872ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 16வது பிரிவு, ஒருவருடைய மனத்தை அடக்கியாளும் நிலையிலுள்ளவர் அந்நிலையைக் கொண்டு அநியாயமாக லாபமடைவதைத் 'தகாத செல்வாக்கு' என்று வகுக்கிறது. தகாதது இன்னதென்று சொன்ன சட்டம், தகுந்தது எதுவென்று சொல்லாமல் விட்டது. நெய் எதில் சேரும் என்று சேலத்து வக்கீல் நண்பர் ஒருவரைக் கேட்டேன். "பார்க்கிறேன்" என்றார்.

நாமக்கல்காரர்களுக்கோ இவ்விஷயத்தில் தெய்வ சம்மதமே உண்டு. பெருமாளை நேரே அணுகாமல் பிராட்டியை முன்னிட்டு அணுகுவதை வைஷ்ணவர்கள் புருஷகாரம் என்பார்கள். அதற்காகவே போல, மலையைக் குடைந்த குகையில் நரசிம்மர் வீற்றிருக்கும் கோயிலிலேயே நாமகிரித் தாயாருக்கும் தனிச் சந்நிதி. நரசிம்மருக்கு எதிரே கூப்பிய கையோடு 18 அடி உயரத்தில் நிற்கும் ஆஞ்சநேயருக்கு, அத்தனை நெருக்கம் இருந்தும், தலைக்கு மேல் ஒரு கூரை இல்லை.

அந்தத் தாயாரைக் குலதெய்வமாகக் கொண்டவர் கணித மேதை ஸ்ரீநிவாச ராமானுஜன். அவரும் ஆள் பிடிக்கத்தான் புறப்பட்டார். குமாஸ்தா வேலை கேட்டு நோட்டுப் புத்தகத்தோடு போய் நின்றபோது, இப்பேர்ப்பட்ட மேதையை ரெவினியூ இலாகாவில் போட்டு நசுக்க மனமில்லை என்று டிப்டி கலெக்டர் ராமஸ்வாமி ஐயர் கடிதம் கொடுத்து அனுப்பிவிட்டார். காரியத்தைச் செய்யாமலிருப்பதற்காக ஓர் அதிகாரி பாராட்டப்பட வேண்டிய சந்தர்ப்பம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். அதன்பின் நெல்லூர்க் கலெக்டர் ராமச்சந்திர ராவ், பேராசிரியர் மிடில்மாஸ்ட் என்று இத்தனை பெரியோர்களின் தயவும் சேர்ந்து, 1912ல் அவருக்குக் கிடைத்தது சென்னைத் துறைமுகக் கணக்குப் பிரிவில் மாதம் 30 ரூபாய்க் குமாஸ்தா உத்தியோகம். மறுவருஷம் ஜனவரியில், முன்பின் அறியாத கேம்பிரிட்ஜ் கணித வல்லுநர் ஹார்டிக்குத் தம்மைத் தாமே அறிமுகம் செய்து கொண்டு தபாலில் போட்ட கடிதமோ அவரைச் சீமைக்கே அழைத்தது. ஆனால் கடல் கடக்கலாகாதென்று பெற்ற தாயார் கோமளத்தம்மாள் நின்றபோது, ஹார்டியின் இன்ப்ளுயன்ஸ் வீட்டு வாசற்படியைத் தாண்டவில்லை. நாமகிரித் தாயாரே அந்த அம்மாளின் கனவில் வந்து, பிள்ளையைத் தடுக்காதே என்று உத்தரவிட்டதாகச் சொல்வார்கள். இரண்டு தாயார்களும் ஒத்துக் கொண்ட பிறகு, 1914ஆம் வருஷம் மார்ச் 17ஆம் தேதி அவர் சென்னையில் கப்பலேறினார்.