புரோக்கர்கள் வேண்டாம்

தருமபுரியிலிருந்து பென்னாகரம் போகிற ரோட்டிலோ, வத்தல்மலை அடிவாரத்திலோ, பாலக்கோட்டுப் பக்கம் தக்காளிக் காடுகளுக்கு நடுவிலோ இவரைப் பார்க்கலாம். ஓட்டு வீடு, கல்தூண் வைத்த திண்ணை, சுற்றிலும் மாந்தோப்பு, கேட்டில் ஒரு பலகை: 'பாரம்பரிய வீடு தோட்டத்துடன் விற்பனைக்கு. புரோக்கர்கள் வேண்டாம்.' பலகையின் பாதியைச் சங்குப்பூக் கொடி மூடியிருக்கும். அந்தக் கொடிக்குத் தினமும் தண்ணீர் ஊற்றுகிறவரும் இவர்தான்.

பெங்களூரில் வேலை பார்த்து ரிட்டயரானவர். பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாவற்றையும் 'எங்க தாத்தா வீடு' மேல் கொட்டிப் புதுப்பித்தார். கதவு காரைக்குடியில் வாங்கியது, தரைக்கு ஆத்தங்குடிக் கல், ஓடு மங்களூர். இந்த ஊருக்குச் சொந்தமாக மிஞ்சியது சுவரும் இவரும்தான். ஆனால் அந்தச் சுவர் சாமானியமானதல்ல. சுண்ணாம்பு, வெல்லம், கடுக்காய், முட்டை வெள்ளைக்கரு போட்டு அரைத்துப் பூசியது. "சித்தேரி மலைக் கடுக்காய் சார், கடைச்சரக்கு இல்ல." வருகிறவர் யாரானாலும் செருப்பைக் கழற்றியதும் அதில் கன்னத்தை வைத்துக் குளிர்ச்சியைப் பார்த்தாக வேண்டும். ஓசூரிலிருந்து வந்த ஒரு குடும்பம், கைக்குழந்தை உட்பட, வரிசையாக நின்று வைத்ததை நானே பார்த்தேன். திருட வராதவர்கள் கன்னம் வைத்த சுவர் இந்த ஜில்லாவில் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

அடுத்தது மன்றோ. சென்னைத் தீவுத்திடல் பக்கம் குதிரைமேல் உட்கார்ந்திருக்கிறாரே, அந்த மன்றோதான். 1792-இல் திப்புவிடமிருந்து பாராமகால் கம்பெனி கைக்கு வந்தபோது, கேப்டன் ரீடுக்கு உதவியாளராக வந்தார். தருமபுரியில் வீடும் தோட்டமும் போட்டுக்கொண்டார். ரயத்துவாரி வரிமுறைக்குக் கை பழகியது இந்தச் சீமையில்தான். 1799-இல் கனராவுக்கு மாற்றல் வந்தபோது மனசில்லாமல்தான் கிளம்பினார். இவ்வளவும் சரித்திரம். நம்மவர் தன் பங்குக்கு ஒரே ஒரு வரிதான் சேர்ப்பார்: "இந்தத் திண்ணையில உக்காந்துதான் சார் வரிக்கணக்கு பார்த்தாரு."

தாய்ப்பத்திரம் 1934 என்கிறது. மன்றோ காலமானது 1827. இதைச் சொன்னால் ஒரு நொடிகூடத் தயங்கமாட்டார். "வீடு பிற்பாடு கட்டினது சார். திண்ணை பழசு."

தோட்டத்துக்கு வந்தால் செந்தூரா, மல்கோவா, நீலம் என்று ஒவ்வொரு மரத்துக்கும் ஜாதகம் சொல்வார். இதற்குள் வந்தவரின் மனைவி கேட்கவேண்டியதைக் கேட்டுவிடுவார்: "குடிக்கிற தண்ணி காவிரியா, போர் தண்ணியா?" தருமபுரியில் இதைக் கேட்காமல் வீடு வாங்குகிறவர் பிழைக்கத் தெரியாதவர். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பல்லில் கறையாகத் தொடங்கி எலும்பு வரைக்கும் போகும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் வந்ததே அதற்காகத்தான். நம்மவர் பொய் சொல்லமாட்டார். "முதல்ல ஒரு பழம் சாப்பிடுங்கம்மா" என்பார்.

விலை கேட்டதும் ஆள் மாறிவிடுவார். பெண் கொடுக்கிறவர் மாதிரி விசாரணை ஆரம்பமாகும். எத்தனை பேர், மரத்தை வெட்டுவீர்களா, திண்ணையை என்ன செய்வதாக உத்தேசம்?

"கிரில் போட்டுக் கார் நிறுத்தலாம்னு..."

"தொண்ணூறு லட்சம்."

"போன்ல எழுபதுன்னீங்களே சார்?"

"அது கிரில் இல்லாம."

சரி, ஒரு ஆணிகூட அடிக்கமாட்டேன் என்று சொல்லி ஒருவர் வந்தார். அட்வான்ஸ் பணத்தோடு வந்தார். அவரையும் அனுப்பிவிட்டார். காரணம் கேட்டேன். "ரொம்ப ஆசைப்படறாரு. ஆசைப்படறவன் ஆறு மாசத்துல சலிச்சிருவான்." ஆசைப்படாதவன் இடிப்பான், ஆசைப்பட்டவன் சலிப்பான், பின்னே யாருக்குத்தான் விற்பது? பலகை மட்டும் வருஷத்துக்கொரு தரம் புதுப் பெயின்ட் கண்டுவிடும்.

உள்ளேயிருந்து காபி கொண்டுவருகிற வீட்டம்மாவின் கணக்கு வேறு. குரங்கு ஓட்டைப் புரட்டிவிட்டுப் போனால், மழைக்கு முன்னால் மாற்ற ஆள் தேடுவது அவர்தான். ஓடு மாற்றத் தெரிந்தவர்கள் எல்லாம் பெங்களூரில் கான்கிரீட் போடப் போய்விட்டார்கள். "மன்றோ வந்து ஏறுவாரா?" என்று ஒருநாள் கேட்டார். தருமபுரி டவுனில் லிஃப்ட் வைத்த கட்டடத்தில் ரெண்டு பெட்ரூம் வீடு ஒன்றையும் பார்த்து வைத்திருக்கிறார்.

ஆகவே, நிஜமாகவே வாங்க நினைக்கிறவர்கள் அவர் சந்தைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்துப் போங்கள். தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று எல்லாம் பீரோவில் தயாராக இருக்கின்றன. அந்தத் தாத்தா இவருடைய தாத்தா இல்லை, வீட்டம்மாவின் தாத்தா. பட்டாவும் அந்த அம்மா பேரில்தான்.