பால் குடித்தால் வியர்க்கிறதா?

கே: மூன்று மாதக் குழந்தைக்கு மாரடைப்பு வருமா?

ப: வரும். இதயத் தசைக்கு ரத்தம் தரும் இடது கரோனரி தமனி, பெருந்தமனியில் கிளம்புவதற்குப் பதில் நுரையீரல் தமனியில் கிளம்பிவிட்டால் போதும். டாக்டர்கள் 'அல்காபா' என்பார்கள். சுமார் 3 லட்சம் குழந்தைகளில் ஒன்றுக்கு இப்படி.

கே: பிறந்த அன்றே தெரியாதா?

ப: தெரியாது, அதுதான் வில்லங்கம். பிறந்த புதிதில் நுரையீரல் தமனியிலும் அழுத்தம் அதிகம். இதயத்துக்கு எப்படியோ ரத்தம் போய்விடும். சில வாரங்களில் அழுத்தம் இறங்கும். அப்புறம் வலது கரோனரி தமனி அனுப்பும் ரத்தமும் இடது வழியாகத் திரும்பி நுரையீரலுக்கே ஓடிவிடும். கைக்குழந்தைக்குப் பால் குடிப்பதுதான் ஓட்டப்பந்தயம். இரண்டு வாய் குடித்ததும் மூச்சு வாங்கும், வியர்த்துக் கொட்டும், முகம் வெளுத்து வீறிட்டு அழும். பாட்டி 'உரம் விழுந்திருக்கு' என்பார். வயிற்று வலிக்குச் சொட்டு மருந்து எழுதித் தருகிற டாக்டரும் உண்டு. பாஸ்டனில் பிளாண்ட், ஒயிட், கார்லண்ட் மூவரும் 1933-லேயே இதை விவரமாக எழுதிவிட்டார்கள். பாட்டி படிக்கவில்லை, சரி. டாக்டர்?

கே: மாத்திரையில் சரியாகாதா?

ப: குழாய் இடம் மாறியிருக்கிறது சார். மாத்திரை அதைத் தூக்கி வைக்குமா? ஆபரேஷன் இல்லையென்றால் பெரும்பாலான குழந்தைகள் முதல் பிறந்தநாளைப் பார்ப்பதில்லை.

கே: என்னதான் செய்வார்கள்?

ப: முன்பு அந்தக் குழாயைக் கட்டிவிடுவார்கள். ரத்தம் வீணாவது நிற்கும். ஆனால் முழு இதயமும் ஒற்றைத் தமனியை நம்பிப் பிழைக்க வேண்டும். இப்போது இதயத்தை நிறுத்தி, ஹார்ட்-லங் மெஷினில் போட்டு, தமனியின் வாயைச் சுற்றியுள்ள சுவரோடு வட்டமாக வெட்டியெடுத்துப் பெருந்தமனியில் தைக்கிறார்கள். எட்டவில்லையா? ஜப்பானியர் டகேயுச்சி 1979-ல் வழி சொன்னார்: நுரையீரல் தமனிக்கு உள்ளேயே ஒரு சுரங்கம் கட்டி ரத்தத்தைக் கொண்டுவருவது. துவண்டு கிடந்த தசை, ரத்தம் கிடைத்ததும் சில மாதங்களில் மறுபடி துடிப்பாக வேலைசெய்வதுதான் இதில் அழகு.

கே: பெரியவர்களுக்கு இதுபோன்ற பிறவிக் கோளாறு இருக்காதா?

ப: அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் பீட் மாராவிச் 10 சீசன் என்.பி.ஏ. ஆடினார். 1988-ல், 40 வயதில், பொழுதுபோக்காக ஆடும்போது சரிந்து இறந்தார். பிரேதப் பரிசோதனையில் பார்த்தால், இடது கரோனரி தமனியே இல்லை!

கே: என் மகன் கிரிக்கெட்டில் ரன் ஓடும்போது மயங்கி விழுந்தான். வெயில்தானே?

ப: வெயில் மேல் பழி போடாதீர்கள். ஓடும்போது மயக்கம் என்றால் முதலில் இதய டாக்டர், எக்கோ, தேவைப்பட்டால் சி.டி. ஸ்கேன். அவர் சரி என்று சொல்லும்வரை பேட் பரணில் இருக்கட்டும்.